ஈரத் தரையில் ஒரு தீபாவளி

முரளிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் 'சரி' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்பதை நீ கவனித்திருக்கிறாயா என்று தெரியவில்லை. மாத்திரை போட்டீங்களா, சரி. ஸ்வெட்டர் போட்டுக்கோங்க, சரி. தீபாவளிக்கு மறுநாள் நீ கூப்பிட்டு, "கார்த்திகை பொறக்கட்டும்பா, நான் வந்து வீட்டப் பூட்டிட்டு உங்கள புனேக்குக் கூட்டிட்டு வந்துடறேன், இனிமே உங்கள தனியா விடறதா இல்ல" என்று சொன்னபோதும் என் வாய் சரி என்றுதான் சொன்னது. போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஒரு வாக்கியம் தப்பாக வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். இதற்கு முன் எழுதியவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை இந்த வீட்டிலேயே இருக்க விடு என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் வருவதற்குள் தைரியம் போய்விடும். ஆனால் அப்படிக் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ முடிவு செய்யவேண்டுமானால், அன்று காலை நடந்தது உனக்கு முழுதாகத் தெரியவேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நம் வீட்டில் தீபாவளியன்று யாரும் தன் தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொள்வதில்லை. உனக்கு நினைவிருக்கும். கிழக்கே பார்க்க மணையில் உட்கார வைத்து, நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உன் அம்மா உச்சியில் சொட்டுச் சொட்டாக விடுவாள். உனக்கு வைத்த பிறகு எனக்கும் வைப்பாள். "நல்லா இருங்க" என்று அவள் சொல்லும்போது, ஏதோ மாணவனுக்கு மார்க் போடுவதைப்போல ஒரு கண்டிப்பு இருக்கும். அவள் இறந்த வருடம் நமக்குத் தீபாவளி இல்லை. போன தடவை உன் வீட்டில் இருந்தேன், அங்கே ஷாம்பூதான். ஆகவே இந்த வீட்டில் நான் தனியாக இருந்த முதல் தீபாவளி இது. எண்ணெய் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். மழைக்காலத்தில் வயதானவர்கள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சளி பிடிக்கும் என்று நீயும் சொல்லியிருந்தாய். ஆனால் அம்மா காய்ச்சும் அந்த வாசனை வீட்டில் வராவிட்டால் நாளே விடியாது என்று தோன்றியது.

என் சுபாவம் உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன். விளக்கு வெளிச்சத்தில் தரையில் எண்ணெய் சிந்தினால் தெரியாது என்று நன்றாக விடியும்வரை காத்திருந்தேன். குளியலறையில் முக்காலி போட்டு, வெந்நீர் வாளி ஒரு பக்கம், சீயக்காய்க் கிண்ணம் ஒரு பக்கம், துண்டு கைக்கெட்டும் உயரத்தில். கதவைத் தாழிடவில்லை. உச்சியில் எண்ணெயை நானே வைத்துக்கொண்டேன். 'நல்லா இருங்க' என்று சொல்ல ஆளில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். முட்டிக்கு நல்லதாயிற்றே என்று முட்டியில் தேய்த்தேன். குதிகாலில் வெடிப்பு இருக்கிறதே என்று உள்ளங்காலிலும் தேய்த்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை வைக்கப்போனபோது முழங்கை பட்டு அது கவிழ்ந்தது. முதல் நாள் பிடித்த மழையில் ஏற்கெனவே ஈரமாக இருந்த தரை. பாதம் வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. காலை மறுபடி மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. பயம்தான்.

கல்லூரியில் வருடா வருடம் உராய்வைப் பற்றிப் பாடம் எடுத்தவன், உராய்வு இல்லாத ஒரு தரையின் நடுவே துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே சீயக்காய்ப் பொடி இருந்தது, அதை அள்ளித் தூவியிருந்தால் தரை பிடித்துக்கொண்டிருக்கும் என்பது மறுநாள்தான் தோன்றியது. பயந்தவன் கண்ணுக்குக் கையருகில் இருப்பது தெரிவதில்லை. என் மனம் முழுவதும் நம் தெருக்கோடி வீட்டுத் தமிழ் வாத்தியார் இருந்தார். போன மழையில் மொட்டை மாடிப் பாசியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். அதன்பிறகு அவரை யாரும் தெருவில் பார்க்கவில்லை. ஜன்னலில் பார்க்கிறோம்.

அப்போதுதான் கூடத்தில் போன் அடித்தது. நீதான் என்று தெரியும். "கங்கா ஸ்நானம் ஆச்சாப்பா?" என்று கேட்கக் கூப்பிடுகிறாய். அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடி அடித்தது. முரளி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எடுக்க முடியவில்லையே என்ற தவிப்பு ஒரு பக்கம் இருந்தாலும், மணி அடிக்கும்வரை எனக்குப் பயம் குறைவாக இருந்தது. யாரோ ஒருவர் வீட்டுக்குள் நடமாடுவதைப்போல இருந்தது. நின்றபோதுதான் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

நீ மாடிக்குப் போன் செய்தாய். நம் மாடியில் குடியிருக்கும் ஜாபர் பாயும் அவர் மனைவி நூர்ஜஹானும் இறங்கி வந்ததுவரை உனக்குத் தெரியும். உன் அம்மா காலத்திலிருந்து அவர்களிடம் ஒரு சாவி இருப்பது அன்று நல்லதாகப் போயிற்று. நூர்ஜஹான் கூடத்தில் நின்றுகொண்டே குரல் கொடுத்தார்.

"சார்! எங்க சார் கீறீங்க? வுழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா. ஒக்காந்திருக்கேன்."

"ஒக்காந்துகினு இருந்தா போன எடுக்கறதுக்கு இன்னா?"

"எண்ணெ கொட்டிடுச்சி."

"யா அல்லா! இன்னாங்க, நீங்க உள்ள போங்க. நான் இங்கியே நிக்கறேன். சாக்கு எடுத்துகினு போங்க, சாக்கு!"

ஜாபர் பாய் கோணிச் சாக்கை விரித்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இன்னா சார், தீபாவளியும் அதுவுமா கப்பல்ல ஒக்காந்த மாறி ஒக்காந்துகினு கீறீங்க. கைய குடுங்க. பயப்படாதீங்க, கடப்பாக்கத்துல மீன் ஏலம் வுடற எடத்துல ஓடிகினு இருந்தவன் நானு. இத்த வுடவா அது வழுக்காது?" என்றார். நூர்ஜஹான் வெளியிலிருந்தே உன்னிடம் போனில் சொன்னதும் எனக்குக் கேட்டது. "தம்பி, பேஜாராவாதீங்க. அப்பா நல்லா கீறாரு. எண்ணெ சட்டியில போட்ட வடையாட்டம் ஒக்காந்துகினு இருந்தாரு, எடுத்துட்டோம்."

இதுவரைதான் நீ கேட்டது. மீதி இது. அவர் அப்படிச் சொன்னபோது நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. தலையிலும் முதுகிலும் எண்ணெயோடு எப்படி எழுந்து வருவது? ஜாபர் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சீயக்காயைக் கரைத்தார். "பாய், நீங்க எதுக்கு, நான் பாத்துக்கறேன்" என்றேன். "சும்மா இருங்க சார். எங்க அத்தாவுக்குக் கடைசி வரைக்கும் நான்தான் தேச்சி வுட்டேன்" என்று தன் அப்பாவைச் சொன்னார். முதுகில் தேய்த்து, வெந்நீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினார். உன் அம்மா போன பிறகு என் முதுகை யாரும் தொட்டதில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டது என்று அவர் நினைத்து, "கண்ண மூடிக்கோங்க சார், கண்ண மூடிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மூடிக்கொண்டேன்.

நீ இதிலிருந்து அப்பா தனியாக இருக்க லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தாய். உன்மேல் தப்பில்லை. நானும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொன்னால் உன் கட்சி இன்னும் பலமாகும். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். குடித்தால் அடிக்கடி எழுந்து போகவேண்டும், போகும் வழியெல்லாம் ஈரம், விழுந்தால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டேன். தாகமும் எடுக்கவில்லை. விழாமல் இருப்பதற்காக நான் செய்த ஏற்பாட்டிலேயே தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டியதாயிற்று. நீர் போகும்போது எரிச்சல், சாயங்காலம் காய்ச்சல். பொத்தேரியில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். நாக்கைப் பார்த்தாள், கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கறீங்களா சார்?"

"தாகமே எடுக்கலையேம்மா."

"இந்த வயசுல எடுக்காது சார். அதுவும் மழை நாள்ல சுத்தமா எடுக்காது. எடுக்கட்டும்னு காத்துட்டு இருக்காதீங்க. எடுக்காதப்பவே குடிங்க."

மருந்து எழுதிக் கொடுத்தாள், காய்ச்சல் நின்ற பிறகு வந்து மழைக்காலக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஊசி என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். ஜாபர் பாயையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எனக்கு மேல் பயந்தவர் என்பதால் நான் தைரியசாலியாக நடிக்கவேண்டியிருந்தது. அந்தப் பெண் சொன்னதை வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். தண்ணீருக்கு மட்டுமா அது? எனக்கு மனிதர்களிடம் பேசவேண்டும் என்ற தாகம்கூட எடுப்பதில்லை. இன்று யாரோடும் பேசவில்லையே என்று ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் தொண்டை கட்டியிருக்கும், 'சரி' என்பதற்குமேல் வராது.

புனேயைப் பற்றி எழுதவேண்டும். வித்யா வருத்தப்படக் கூடாது, அவள் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். மேசையில் மூடி வைத்த சாப்பாடு, பிளாஸ்கில் வெந்நீர், வழுக்காத தரை. நீங்கள் இருவரும் காலையில் போனால் இருட்டிய பிறகு வருவீர்கள். ஒன்பதாவது மாடியில் மழைகூடச் சத்தமில்லாமல்தான் பெய்கிறது. கீழே வாட்ச்மேன் தினமும் ஏதோ கேட்பார், நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் நான் பகலெல்லாம் பேசியது. அங்கே எனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிச் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கியதும், பூ விற்கும் அம்மா, "இன்னா சார், எளச்சிட்டீங்க! மருமவ சோறு போடலியா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்திருக்கவேண்டும். சந்தோஷமாக இருந்தது.

இப்போது மழை நாளில் அந்த ஸ்டேஷனில்தான் நடக்கிறேன். தெருவில் சேறு, கோயிலைச் சுற்றினால் கல் வழுக்குகிறது. பிளாட்பாரத்தில் கூரை இருக்கிறது, தரை சொரசொரப்பாக இருக்கிறது. முதல் நாள் பிளாட்பார டிக்கெட் கேட்டபோது கவுன்டரில் இருந்தவர், "யார ஏத்தி வுடணும் சார்?" என்றார். "யாரையும் இல்ல. நடக்கணும்" என்றேன். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இப்போது முகத்தைப் பார்த்ததும் டிக்கெட்டை எடுத்துவிடுகிறார். சாயங்கால வண்டியில் கம்பெனி சீருடையோடு பையன்களும் பெண்களும் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுவிட்டு, கூட்டம் குறைந்ததும் மறுபடி நடப்பேன். யாரையும் ஏற்றிவிடவோ அழைத்துப்போகவோ வராதவன் நான் ஒருவன்தான். வண்டி போன பிறகு பிளாட்பாரம் காலியாகிவிடும். அப்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி வலி குறைந்திருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஐப்பசியில் மாமல்லபுரம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மழை விட்டிருந்தது, கடல் கொந்தளிப்பாக இருந்தது. நீ அலையில் நிற்கவேண்டும் என்று அழுதாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு அடி எடுத்து வைத்தால் நான் ஒரு இழுப்பு. உன் அம்மா கரையிலிருந்து கத்தினாள்: "அவன் கைய விடுங்க! அவன் அலையப் பாக்கறானா, உங்க மூஞ்சியப் பாக்கறானா?" நான் விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் கையில் என் விரல்களின் தடம் சிவப்பாக இருந்தது. நீ என்னைக் கேட்டாய், "அப்பா, அலை எவ்ளோ பெரிசா வந்துது?" நீ அதைப் பார்க்கவே இல்லை. என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை. நானும் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. வெயில் கண்ட நாளில் வெளியே போய் உட்காருங்கள் என்று அந்த டாக்டர் பெண் சொல்லியிருந்தாள். செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, மாமல்லபுரம் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாய், நான் சரி என்பேன். தண்ணீரிலிருந்து தள்ளிக் காய்ந்த மணலில் உட்கார்ந்திருந்தேன். சுண்டல் விற்கும் ஆள் ஒருவர், வயதில் எனக்கு ரொம்பச் சின்னவர், பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா பெர்சு, இம்மாந்தூரம் வந்துட்டு கால் நனைக்கலியா?"

"வழுக்கும்பா."

"மண்ணு எங்க பெர்சு வழுக்கும்? அது இன்னா பாத்ரூமா?"

குளியலறை விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிஷம் திடுக்கிட்டேன் என்றால் நம்புவாயா? அவர் போன பிறகு எழுந்து போனேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் என் கையைப் பிடித்திருக்கவில்லை. பிடிப்பதற்கு ஆளில்லாதது வலித்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அலை வந்ததைப் பார்த்தேன். நீ அன்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அவ்வளவு பெரியதில்லை, முரளி. எனக்கு முட்டிவரை வந்தது. உனக்கு இடுப்புவரை வந்திருக்கும்.

நீ இப்போது என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாய். ஏன் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பயத்தை உனக்குக் கொடுத்தவனே நான்தான். கையை உதறிவிடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் தளர்த்து, பக்கத்தில் நில், போதும். குளியலறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி போட்டாயிற்று, கோடு போட்ட ரப்பர் விரிப்பும் வாங்கிவிட்டேன். சமையலறையில், கூடத்தில், கட்டிலருகில் என்று மூன்று இடத்திலும் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறேன். கண்ணில் படும்போதெல்லாம் ஒரு வாய் குடிக்கிறேன். ராத்திரி ஒருவனுக்காக எதற்குச் சமைப்பது என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுப்பதை நிறுத்திவிட்டேன். சூடாக ரசம் சாதமாவது வைத்துக்கொள்கிறேன். காலையில் வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்தால் நூர்ஜஹான் கதவைத் தட்டுவார். இதை அவரிடம் நானே போய்க் கேட்டேன். மாடிப்படி ஏறி, கதவருகில் நின்று, இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்டேன். "இத்த கேக்கறதுக்கா இம்மா நேரம் நின்னுகினு இருந்தீங்க? டீ ஆறிப்போவுது, உள்ள வாங்க" என்றார். இப்போது தினமும் நாலு மணி டீ மாடியில்தான். நான் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கார்த்திகையில் நீ வா. பூட்டு எடுத்துக்கொண்டு வராதே. நாலு நாள் இரு, ஸ்டேஷனில் என்னோடு நட, நீயே பார். அதற்குப் பிறகும் நான் வரத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் பேசுவோம். அன்று நான் 'சரி' என்று மட்டும் சொல்லமாட்டேன், யோசித்துப் பேசுவேன். அடுத்த தீபாவளிக்குத் தனியாக எண்ணெய் தேய்த்துக்கொள்ளமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். முடிந்தால் வந்து நீ வை. சின்னவர்கள் பெரியவர்களுக்கு வைக்கலாமா என்று யோசித்தேன். கேட்பதற்கு இந்த வீட்டில் என்னைவிடப் பெரியவர் யாரும் இல்லை. ஆகவே வைக்கலாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நீ கூப்பிடும்போது இனிமேல் நான் உடனே எடுக்கமாட்டேன். மணிச் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்து ஓடித்தான் வயதானவர்கள் பாதிப்பேர் விழுகிறார்கள் என்று டாக்டர் சொன்னாள். கையில் இருப்பதை வைத்துவிட்டு, சுவரோரமாக, ஈரம் பார்த்து மெதுவாக நடந்து வருவேன். வந்துகொண்டேதான் இருப்பேன். பயந்துவிடாதே, வைத்தும்விடாதே. நின்றுபோனால் மறுபடி கூப்பிடு. மணி அடிக்கட்டும்.

அப்பா